உதவி: எலக்ட்ரானிக் ட்ரிக்கர் சில சமயம் வேலை செய்யவில்லை, ஞாயிறு போட்டி!

தேவனாம்பட்டினம்_அப்பா:
வணக்கம். அவசரம். மகளுடைய ஏர் ரைஃபிளில் ட்ரிக்கரை அழுத்தினால் சில சமயம் எதுவுமே நடப்பதில்லை. மறுபடி அழுத்தினால் சுடுகிறது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துமீட்டர்_புதுவை:
என்ன மாடல், எவ்வளவு பழையது, காற்று சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தம் இருக்கிறது? எதையும் சொல்லவில்லையே அண்ணா. இன்னொன்று: ட்ரை ஃபயர் நிலையில் (காற்றை விடாமல் ட்ரிக்கர் மட்டும் இயங்கும் பயிற்சி நிலை) வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கேயும் இடையிடையே வேலை செய்யாமல் விடுகிறதா, காற்றோடு சுடும்போது மட்டும் விடுகிறதா? அது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஓரிங்_நிபுணன்:
காற்றில் ஈரம். சந்தேகமே வேண்டாம். கடலூரில் ஐப்பசி மாதம் கைப்பம்பில் அடித்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் சிலிண்டருக்குள் அடிக்கிறோம். வால்வில் ஈரம் ஏறியிருக்கும். ஃபில்டர் போட்ட டைவிங் கம்ப்ரசரில் நிரப்புங்கள்.

பழைய_குறிகாரர்:
கையேட்டைப் படித்தீர்களா? அடிப்படையே தெரியாமல் எலக்ட்ரானிக் ட்ரிக்கர் வாங்கிவிடுகிறார்கள், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது இங்கே ஓடி வருகிறார்கள். நான் 20 வருடமாக மெக்கானிக்கல் ட்ரிக்கர்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் அது என்னிடம் சார்ஜ் கேட்டதில்லை.

தேவனாம்பட்டினம்_அப்பா:
படம் போட்டிருக்கிறேன். ஒரு சீனியர் பெண்ணிடமிருந்து வாங்கியது, கையேடு வரவில்லை. காற்று 150 பார். ட்ரை ஃபயரிலும் அப்படித்தான் விட்டுவிட்டு வேலை செய்கிறது. பேட்டரி சரியாக இருக்கிறது, மீட்டரில் 4.1 வோல்ட் காட்டியது. டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பத்துமீட்டர்_புதுவை:
வேண்டவே வேண்டாம்! ட்ரிக்கர் யூனிட்டுக்குள் எண்ணெய் போனால் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிண்டர் வாய்ப் பக்கம் போனால் அது இன்னும் ஆபத்து. பெட்ரோலிய எண்ணெயும் உயர் அழுத்தக் காற்றும் சேர்ந்தால் தீப்பற்றலாம். ஓ-ரிங்குக்கு (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் மட்டும்தான், அதுவும் துளி.

ட்ரை ஃபயரிலும் விடுகிறது என்றால் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோளாறு மின்சாரப் பக்கம்தான்.

ஓரிங்_நிபுணன்:
அப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஈரம் எங்கே வேண்டுமானாலும் போகும்.

சால்டர்_முத்தியால்பேட்டை:
துப்பாக்கி எனக்குத் தெரியாது, சர்க்யூட் தெரியும். அண்ணா, மீட்டரில் 4.1 என்றீர்களே, சுமை இல்லாமல் அளந்திருப்பீர்கள். அப்படி அளந்தால் வயதான பேட்டரியும் நல்லபடியாகத்தான் காட்டும். பச்சை விளக்குக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ட்ரிக்கரை விடுவிக்கும் மின்காந்தச் சுருளுக்கு ஒரு கணத்துக்குப் பெரிய மின்னோட்டம் வேண்டும். பேட்டரியின் உள்தடை கூடியிருந்தாலோ, முனைகளில் துரு படிந்திருந்தாலோ அந்த ஒரு கணத்தில் வோல்ட் சரிந்துவிடும். விளக்கு எரியும், சுருள் இழுக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

துப்பாக்கியை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?

தேவனாம்பட்டினம்_அப்பா:
அதன் பெட்டியிலேயேதான், ஸ்பாஞ்சுக்குள். பயிற்சி முடிந்ததும் மூடி வைத்துவிடுவோம். வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி.

சால்டர்_முத்தியால்பேட்டை:
அதுதான்! உப்புக்காற்று, மழைக்காலம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த உலோக முனையும் தாங்காது.

பழைய_குறிகாரர்:
இதைத்தான் நான் சொன்னேன். டோக்கியோவில் மனு பாக்கருக்கு என்ன ஆனது? எலக்ட்ரானிக்ஸ் கைவிட்டுவிட்டது. ஒலிம்பிக்கிலேயே அப்படியென்றால் மாவட்டப் போட்டிக்கு எதற்கு?

மஞ்சக்குப்பம்_ரேஞ்ச்:
ஐயா, அது பிஸ்டல். முதலில் உடைந்தது காக்கிங் லீவர் (சுடுவதற்குத் தயார்ப்படுத்தும் நெம்புகோல்), அது முழுக்க முழுக்க மெக்கானிக்கல் பாகம். அதை மாற்றிய பிறகுதான் சர்க்யூட்டும் தகராறு செய்தது. 2021 ஜூலை 25. அவ்வளவு நேரத்தை இழந்தும் 575 எடுத்தார், இரண்டே புள்ளியில் இறுதிச்சுற்று போனது. அதை வைத்து எலக்ட்ரானிக் ட்ரிக்கரே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. ரைஃபிளுக்கு ட்ரிக்கர் எடையில் (அதை அழுத்தத் தேவையான விசை) குறைந்தபட்ச வரம்பு கிடையாது, ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டே அரை மில்லிமீட்டர்தான். மிக மென்மையான, தேய்மானத்தில் மாறாத ட்ரிக்கர் அங்கே எவ்வளவு உதவும் என்று சுடுகிறவர்களுக்குத் தெரியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டுவிட்டு வந்திருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் நல்ல கருவி வைத்திருந்தால் சந்தோஷப்படுவோமே.

பழைய_குறிகாரர்:
லீவரோ சர்க்யூட்டோ, துப்பாக்கி நின்றது உண்மைதானே. பாகம் குறைந்தால் பழுது குறையும். என் கருத்தில் மாற்றமில்லை.

புதியவன்_நெய்வேலி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா?

மஞ்சக்குப்பம்_ரேஞ்ச்:
குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் வேண்டாம், 2016 ஆயுத விதிகளின்படி. போட்டி ரைஃபிள் ஏழரை ஜூல் அளவில்தான் வரும். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள் தம்பி, இங்கே ஒரு பிள்ளையின் போட்டி காத்திருக்கிறது.

பத்துமீட்டர்_புதுவை:
அண்ணா, இப்படிச் செய்யுங்கள். முதலில் பேரலில் பெல்லட் (குண்டு) இல்லை என்று பார்த்துவிட்டு சிலிண்டரைக் கழற்றுங்கள். பேட்டரியை வெளியே எடுத்து, இரண்டு பக்க முனைகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, ட்ரை ஃபயரில் நிறைய அழுத்திப் பாருங்கள். ட்ரிக்கர் யூனிட்டை மட்டும் திறக்காதீர்கள். மகளின் விரலுக்குப் பழகிய அமைப்பு கலைந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வராது.

அப்புறம், பழைய துப்பாக்கி என்பதால் சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள். பெரும்பாலான போட்டி சிலிண்டர்களுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள். அது தாண்டியிருந்தால் நிரப்பாதீர்கள், போட்டியில் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஓரிங்_நிபுணன்:
பெட்டியில் சிலிகா ஜெல் போடுங்கள். ஈரம்தான் காரணம் என்று முதலிலேயே சொன்னேன்.

சால்டர்_முத்தியால்பேட்டை:
நீங்கள் சொன்னது சிலிண்டருக்குள் இருக்கும் ஈரம்! சரி, சிலிகா ஜெல் நல்ல யோசனை.

தேவனாம்பட்டினம்_அப்பா:
முனையில் பச்சையாகப் படிந்திருந்தது. துடைத்தேன். இப்போது ஒரு தடவைகூடத் தவறவில்லை. சிலிண்டர் 2019. எல்லோருக்கும் நன்றி, பயிற்சிக்குக் கிளம்புகிறோம்.

சால்டர்_முத்தியால்பேட்டை:
நல்லது அண்ணா. ஆனால் அந்தப் பழைய பேட்டரியோடு மட்டும் போட்டிக்குப் போக வேண்டாம். துடைத்ததால் தடை குறைந்திருக்கிறது, பேட்டரிக்கு வயது குறையவில்லை. புதிது கிடைத்ததா?

பத்துமீட்டர்_புதுவை:
அண்ணா, கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். என்னிடம் அதே மாடலுக்கு ஒன்று கூடுதலாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை கடலூர் பக்கம் வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன்.