நல்லூர் வீட்டுக் குழுவில் விசர்மாட்டுக் கதை

குலம் (மெல்பேர்ண்): [படம்] எல்லோரும் பாருங்கள். கையில் கட்டு, மேசையில் பிஸ்கட், ஆரஞ்சுச் சாறு. இரத்தம் கொடுத்துவிட்டு ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

சாந்தி (யாழ்ப்பாணம்): அண்ணா, அழுத்தக் குளிசை போடுகிற ஆளுக்கு இந்த வயதில் ஏன் இந்த வேலை?

குலம்: தாதி சோதித்துப் பார்த்துத்தான் எடுத்தார். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாமாம். 2000 டிசம்பரில் என்னை வேண்டாம் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இன்றுதான் ஊசி ஏறியது.

ரமணன் (கல்கரி): அப்போது ஏன் வேண்டாம் என்றார்கள், மாமா?

குலம்: லண்டனில் வாழ்ந்த குற்றம், மருமகனே. 1980-க்கும் 1996-க்கும் இடையில் பிரித்தானியாவில் மொத்தமாக ஆறு மாதம் இருந்தவர் எவரும் ஆஸ்திரேலியாவில் இரத்தம் கொடுக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நான் 1984 முதல் 1993 வரை ஈஸ்ட் ஹாமில் இருந்தவன். விசர்மாட்டு நோய் என் இரத்தத்தில் இருக்கக்கூடுமாம். நான் சைவம், முட்டைகூடத் தொடாதவன் என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன சாப்பிட்டீர்கள் என்பது கேள்வி இல்லை, அங்கே இருந்தீர்களா என்பதுதான் கேள்வி" என்றார் அந்தப் பெண்.

மாலா (லண்டன்): முட்டை தொடாதவரா? அத்தான், பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மட்டன் ரோல்ஸ் வாங்கியது யார்?

குலம்: அது அறை நண்பருக்கு.

மாலா: அறை நண்பர் பெரிய வயிற்றுக்காரர்தான் 😄

சாந்தி: எனக்கு ஒன்று விளங்கவில்லை. மாட்டை விசர்நாய் கடித்தால் வருவதா இது? இங்கே எங்கள் ஒழுங்கையில் நாய்கள் கூடிவிட்டன, அதனால் கேட்கிறேன்.

வாசுகி (லண்டன்): இல்லை மாமி, அது வேறு, இது வேறு. விசர்நாய்க்கடி வைரசால் வருவது. கடித்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். குறி தெரிந்த பிறகு போனால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். ஒழுங்கையில் நாய் கீறினாலும் அலட்சியம் செய்யாதீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் ஒன்றும் பூச வேண்டாம்.

பெரியப்பாவைத் தடுத்தது வைரஸ் இல்லை, பக்டீரியாவும் இல்லை. பிரியான். வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ரமணன்: நேற்று ஒருவர் எனக்கு அனுப்பியதை இங்கே போடுகிறேன்.
"அனுப்பப்பட்ட செய்தி: மாட்டு வைரஸ் மீண்டும் பரவுகிறது!! இறைச்சியை மஞ்சள் போட்டு அரை மணி நேரம் அவித்தால் வைரஸ் செத்துவிடும். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!"

மாலா: பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்வதை யாருக்கும் அனுப்பக்கூடாது என்று இந்தக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம், தம்பி.

வாசுகி: வந்துவிட்டேன். அந்தச் செய்தியில் இரண்டு வரி, இரண்டும் பிழை.

வைரசுக்குள் மரபணு இருக்கிறது. அதை வைத்துத்தான் பெருகுகிறது. மரபணு இருப்பதால்தான் எங்கள் இரத்த ஆய்வுகூடத்தில் பிடிக்கவும் முடிகிறது. நீங்கள் இன்று கொடுத்த பையில் எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, ஹெப்பட்டைட்டிஸ் சி எல்லாம் பார்ப்பார்கள், பெரியப்பா. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-யை இன்று எட்டு அல்லது பன்னிரண்டு வாரக் குளிசையில் பெரும்பாலும் முற்றாக மாற்றிவிடுகிறார்கள்.

பிரியானில் மரபணுவே இல்லை. வெறும் புரதம். அதுவும் அந்நியப் புரதம் இல்லை, நம் எல்லோருடைய மூளையிலும் இருக்கிற புரதம்தான், மடிப்பு மட்டும் பிழைத்திருக்கிறது. பிழையாக மடிந்த ஒன்று பக்கத்தில் உள்ள நல்லதைத் தன்னைப் போல மடிக்கிறது, அது அடுத்ததை. பாலில் விட்ட உறை போல.

மாலா: உறையில் உயிர் இருக்கிறதே, வாசுகி. கொதிக்கிற பாலில் விட்டால் தயிர் தோயாது.

வாசுகி: அம்மா சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். அங்கேதான் உவமை முறிகிறது. இதில் உயிர் இல்லை, ஆகவே கொல்ல எதுவும் இல்லை. அவித்தாலும் பொரித்தாலும் நிற்கும். சத்திரசிகிச்சைக் கருவிகளைச் சாதாரணமாக 121 பாகையில் நீராவியில் வைப்பது இதற்குப் போதாது. 134 பாகையில் 18 நிமிடம் வைப்பார்கள், அல்லது கடும் காரக் கரைசலில் ஊறவைப்பார்கள். மூளைச் சத்திரசிகிச்சையில் சந்தேகம் வந்தால் கருவியையே எரித்துவிடுவதும் உண்டு. ரமணன், மஞ்சளை ரசத்துக்கு வைத்துக்கொள்.

அபி (மெல்பேர்ண்): அக்கா, அப்படியானால் அப்பாவின் இரத்தத்தைச் சோதித்துவிட்டு எடுத்திருக்கலாமே? இத்தனை வருடம் ஏன் ஒதுக்கினார்கள்?

வாசுகி: சோதனை இல்லை, அபி. அதுதான் முழுக்கதையும். நம்முடைய சொந்தப் புரதம் என்பதால் உடல் அதை எதிர்த்து எதுவும் உருவாக்குவதில்லை. மரபணு இல்லாததால் வைரசைத் தேடுவது போல மரபணுவைப் பெருக்கிப் பார்க்கவும் வழியில்லை. இரத்ததானத்தில் பிரியானைச் சலித்தெடுக்க வழமையான சோதனை இன்றைக்கும் கிடையாது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. எஞ்சியிருந்த ஒரே வழி வாசலில் நிறுத்துவது. வாசலில் நிற்பவருக்கு யார் ரோல்ஸ் தின்றவர், யார் தின்னாதவர் என்று எப்படித் தெரியும்?

குலம்: நன்றி. நான் தின்னாதவன்.

வாசுகி: தின்னாவிட்டாலும் பெரியப்பா, மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டின் இனிப்பிலும் மாத்திரைக் கூட்டிலும் இருக்கும். நோயால் இறந்தவர்களில் பல ஆண்டுகளாகச் சைவமாக இருந்த ஓர் இளம்பெண்ணும் உண்டு. ஆகவே "நான் சைவம்" என்பதை அவர்கள் விடுதலைச் சீட்டாக ஏற்காததை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாலா: அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது. 1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கமெராக்களுக்கு முன்னால் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் நீட்டித் தானும் கடித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காம். நான் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் என் பிள்ளைகளுக்கு பர்கர் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சமயத்துக்காகவா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அமைச்சரை நம்பவில்லை என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

சாந்தி: மாடு புல் தின்கிற பிராணி. அதற்கு மூளை நோய் எங்கிருந்து வந்தது?

வாசுகி: புல்லோடு விட்டிருந்தால் வந்திருக்காது, மாமி. இறைச்சிக்கு எடுத்த பிறகு மிஞ்சும் எலும்பு, குடல், மூளை, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் எல்லாவற்றையும் காய்ச்சி மாவாக்கி, சத்துத்தீவனம் என்று கன்றுகளுக்கே போட்டார்கள். மாட்டை மாட்டுக்கே தின்னக் கொடுத்தார்கள். முதல் மாடுகளில் நோயை அடையாளம் கண்டது 1986-இல். அந்தத் தீவனத்தைத் தடை செய்தது 1988 ஜூலையில். மூளையும் முண்ணாணும் மனிதர் உணவில் சேரக்கூடாது என்றது 1989 நவம்பரில். இடையில் போன மூன்று வருடம்தான் எனக்கு இன்றும் கோபம். தொற்றிய பிறகு குறி தெரிய வருடக்கணக்கு ஆகும் என்பதால் தடை போட்ட பிறகும் மாடுகள் விழுந்துகொண்டே இருந்தன. பிரித்தானியாவில் உறுதியானவை மட்டும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்.

மாட்டு நோய் மனிதருக்கு வந்திருக்கிறது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது 1996 மார்ச் 20. வாசல் விதியில் 1996 என்று நிற்பதற்கு அந்தக் காலக்கணக்குத்தான் காரணம்.

ரமணன்: மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், மச்சாள்?

வாசுகி: பிரித்தானியாவில் 178 பேர். இறந்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் 28 வயதையும் தாண்டாதவர்கள். சாதாரணமாக வயதானவர்களுக்குத் தானாக வரும் குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கப் நோய் ஒன்று உண்டு. அது உலகம் முழுவதும் வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும், மாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாட்டிலிருந்து வந்தது பெரும்பாலும் இளம் வயதினரைப் பிடித்தது. முதலில் மனச்சோர்வு, காரணமில்லாத பயம், கைகால் வலி. பல மாதங்கள் மனநோய் என்றே நினைத்திருப்பார்கள். பிறகு நடை தள்ளாடும், நினைவு போகும். ஏறத்தாழ ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

சாந்தி: முருகா. பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்.

குலம்: 178 என்பது கோடிக்கணக்கானோர் தின்ற நாட்டுக்குச் சின்ன எண்ணிக்கை இல்லையா? அதற்காக என்னைப் போல எத்தனை பேரை வருடக்கணக்காக வெளியே நிறுத்தினார்கள்? ஆஸ்திரேலியாவில் இந்த நோய் ஒருவருக்கும் வரவே இல்லை.

வாசுகி: இப்போது தெரிகிற எண்ணிக்கையை வைத்து 2000-ஆம் ஆண்டைத் தீர்ப்பிடுகிறீர்கள். அன்றைக்கு எத்தனை பேர் விழுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. பப்புவா நியூகினியில் ஃபோரே மக்களிடம் குரு என்றொரு பிரியான் நோய் இருந்தது. இறந்த உறவினரின் உடலை மரியாதையாக உண்ணும் சடங்கில் பரவியது. மூளை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும், ஆகவே செத்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். 1950-களின் கடைசியில் சடங்கு நின்றது. ஆனாலும் 50 வருடத்துக்குப் பிறகுகூடச் சிலருக்கு வந்தது. அந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் லண்டனைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று. 2013-இல் இங்கே சத்திரசிகிச்சையில் எடுத்த 32,441 குடல்வால்களைச் சோதித்தார்கள். 16-இல் பிழையான புரதம் இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒருவர். அவர்கள் நோயாளிகள் இல்லை. ஒருவேளை ஒருபோதும் நோயாளி ஆக மாட்டார்கள். ஆனால் இரத்தம் கொடுப்பார்கள்.

அபி: இரத்தத்தில் உண்மையாகவே தொற்றியதா?

வாசுகி: தொற்றியது. இங்கே நான்கு பேருக்கு, பின்னால் நோய் வந்த கொடையாளர்களின் இரத்தம் வழியாக. பிரித்தானியா தன் மக்கள் எல்லோரையும் தடுக்க முடியாது, பிறகு யாரிடம் வாங்குவது? அதனால் 1999 முதல் எல்லாப் பைகளிலும் வெள்ளணுக்களை வடித்து எடுக்கிறார்கள். 1980-க்குப் பிறகு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கொடுக்கக்கூடாது என்றார்கள். பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, பல வருடம் வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள்.

இந்த நாட்டில் 1970-களிலும் 80-களிலும் அசுத்த இரத்தத்தால் எச்.ஐ.வி.யும் ஹெப்பட்டைட்டிஸ் சி-யும் தொற்றியவர்கள் 30,000-க்கு மேல். விசாரணை அறிக்கை 2024 மே மாதம்தான் வந்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லி வந்த வினை அது. இரண்டாவது தடவையும் அப்படி இருந்திருந்தால் என் பிரிவில் வேலை செய்ய எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

மாலா: ஆனால் டான்சில் விஷயத்தையும் சொல், வாசுகி. எல்லாப் புத்தியும் சரியாகப் போகவில்லை.

வாசுகி: ஆம். தொண்டையில் இருக்கிற டான்சிலில் பிரியான் தங்கும் என்று தெரிந்ததும் 2001-இல் இங்கிலாந்தில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை மட்டும் பாவித்து எறியும் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றால் இரத்தப்போக்கு கூடியது. டிசம்பரிலேயே பழைய கருவிகளுக்குத் திரும்பினார்கள். வராத நோயைத் தடுக்கப் போய் வந்த கேடு. தடுப்பு என்று பெயர் வைத்ததாலேயே ஒன்று ஆபத்தில்லாதது ஆகிவிடாது.

பெரியப்பா, உங்களை நிறுத்தியது 2000-இல் சரி. அவ்வளவு காலம் வைத்திருந்ததுதான் அதிகம். 2010-களின் நடுவிலேயே நோய் அடங்கிவிட்டது தெரிந்தது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை 25-இல்தான் அந்தத் தடையை எடுத்தது, கனடா 2023 டிசம்பரில்.

குலம்: 2022-இலேயே எடுத்துவிட்டார்களா? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே!

அபி: அப்பா, நான் சொன்னேன். அப்போது நீங்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ரமணன்: இப்போது என் கேள்விக்கு வாருங்கள். என்னோடு வேலை செய்கிறவர் வேட்டைக்காரர். நேற்று ஐந்து கிலோ மான் இறைச்சி கொடுத்தார். இங்கே அல்பேர்ட்டாவில் மான்களுக்கும் ஏதோ மூளை நோய் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

வாசுகி: அதே குடும்பம். மான் மெலிந்து மெலிந்து சாகும் நோய். 1967-இல் கொலராடோவில் முதலில் கண்டார்கள். அல்பேர்ட்டாவின் காட்டு மான்களில் 2005 முதல் இருக்கிறது. மாட்டு நோயை விடப் பொல்லாதது ஒரு வகையில்: எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மான் மானுக்குத் தானாகவே பரப்பும். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. அதற்காகத் தின்று பார்த்துச் சொல்லாதே. மாட்டு நோயும் மனிதருக்கு வராது என்று பத்து வருடம் சொன்னார்கள்.

உங்கள் மாகாணத்தில் வேட்டையாடிய மானின் தலையைச் சோதனைக்குக் கொடுக்க வசதி இருக்கிறது, சில பகுதிகளில் கட்டாயம். அவர் தலையைக் கொடுத்தாரா என்று கேள். தொற்று இல்லை என்று முடிவு வந்தால் சமை. இருக்கிறது என்றால் எறிந்துவிடு, நாய்க்கும் போடாதே. மூளை, முண்ணாண், கண், மண்ணீரல், கழுத்து நிணநீர்க் கணுக்கள் எந்த முடிவு வந்தாலும் வேண்டாம்.

சாந்தி: தம்பி, மானே வேண்டாம். நல்லூரானின் வாகனம் இல்லாவிட்டாலும் பாவம் பாவம்தான்.

ரமணன்: அம்மா, வாகனம் மயில்.

சாந்தி: அதைத்தான் சொன்னேன்.

ரமணன்: இப்போதுதான் அவருக்கு அழைத்தேன். தலையைக் கொடுத்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. இறைச்சியைத் தனிப்பையில் கட்டி ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். நாளைக்கு எங்கள் வீட்டில் கோழி.

மாலா: கோழி என்றால் கறித்தூள் யாருடையது? நான் போன மாதம் அனுப்பியது கிடைத்ததா இல்லையா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.