'தி புளூயஸ்ட் ஐ' நாவலில் அப்பாவின் கதை இவ்வளவு எதற்கு?

மழைத்துளி:
அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மோரிசனின் முதல் நாவல் இது, 1970இல் வந்தது. நேற்று ராத்திரி முடித்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. 11 வயது பெக்கோலாவைப் பெற்ற அப்பாவே பலாத்காரம் செய்கிறான். ஆனால் அந்த இடம் வருவதற்கு முன்னால் அவன் வாழ்க்கை முழுக்க வருகிறது, பிறந்த நாலாம் நாளே அம்மா அவனைக் குப்பைமேட்டில் போட்டது, பையனாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் டார்ச் அடித்து அவமானப்படுத்தியது எல்லாம். படிக்கப் படிக்க அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது, அதுதான் எனக்குக் கோபம். அவனுக்கு இத்தனை பக்கம், அந்தக் குழந்தைக்குப் பேச்சே இல்லையா?

கருவேலம்:
இரக்கப்படுவது வேறு, மன்னிப்பது வேறு. அந்த டார்ச் காட்சியில் சாலி, அதாவது அந்த அப்பா, யாரை வெறுக்கிறான் என்று பாருங்கள். துப்பாக்கி வைத்திருந்த வெள்ளையர்களை இல்லை, கூட இருந்த கறுப்பினப் பெண் டார்லீனை. தன்னைவிட பலவீனமானவள்மேல் வெறுப்பைத் திருப்ப அன்றைக்கே பழகிவிட்டான், அது மகள்வரை வருகிறது. அப்புறம், பெக்கோலா பேசாமல் இல்லை. கடைசியில் கற்பனைத் தோழியோடு பேசுகிறாளே, அங்கேதான் அம்மா நம்பவில்லை என்பதும், இன்னொரு முறையும் நடந்தது என்பதும் தெரிகிறது.

அல்லி:
பாதிக்கப்பட்டவளே சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' படியுங்கள். 14 வயது சீலியிடம், கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லாதே, சொன்னால் அம்மா செத்துவிடுவாள் என்று மிரட்டல். அவள் அதையே பிடித்துக்கொண்டு கடவுளுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள், தான் பேசுகிற ஆங்கிலத்திலேயே, யாரும் திருத்தாமல். எனக்கு பெக்கோலாவின் மௌனம் புரிந்தது மாயா ஏஞ்சலோவின் தன்வரலாற்றைப் படித்த பிறகுதான். அது நாவல் இல்லை, அவருக்கே சிறுவயதில் நடந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், கொஞ்ச நாளில் அந்த ஆள் கொல்லப்பட்டான். தான் வாய் திறந்ததால்தான் ஒரு உயிர் போனது என்று அந்தக் குழந்தை நம்பி, ஏறக்குறைய ஐந்து வருடம் பேச்சையே நிறுத்திவிட்டது.

மழைத்துளி:
கருவேலம், இன்னொரு முறை நடந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. அந்த உரையாடலை உளறல் என்று நினைத்து வேகமாகப் புரட்டிவிட்டேன். சொன்னபோது அவள் அம்மா கேட்கவில்லை, நானும் அதைத்தானே செய்திருக்கிறேன். இன்று ராத்திரி அந்தப் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படிக்கிறேன்.