பட்டாசுக்காய்ச் செடி: பூ வேண்டும், படையெடுப்பு வேண்டாம்

ரோஜாப்பிரியன் (கேள்வி):
ரோஜாப் பாத்தியில் பட்டாசுக்காய்ச் செடி தானாக முளைத்துப் பெருகிவிட்டது. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வருகிறது. சில நாளில் அதே இடத்தில் மறுபடி தளிர்க்கிறது. மழை பெய்து மண் இளகட்டும் என்று காத்திருந்தால், காய்கள் படபடவென்று வெடித்து விதை முகத்தில் அடிக்கிறது. அந்த ஊதாப் பூ பிடிக்கும், அடியோடு ஒழிக்க மனமில்லை. வழி உண்டா?

பசுமைவேந்தன்:
கிளைபோசேட் களைக்கொல்லி தெளியுங்கள். வேர்வரை இறங்கும். வேலை முடிந்தது.

களைக்கொத்தி:
வேந்தன் ஐயா, ரோஜாப் பாத்தி என்று கேள்வியிலேயே இருக்கிறதே! அந்த மருந்துக்குக் களை எது, ரோஜா எது என்று தெரியாது.

ரோஜாப்பிரியன், உங்கள் செடிக்குத் தண்ணீர்தான் துப்பாக்கி விசை. முற்றிக் காய்ந்த காயின் நுனியில் ஈரம் பட்டதும் அது இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறியும். விதையை நனைத்து விரலில் வைத்துப் பாருங்கள்: சுற்றிலும் வழவழப்பான கூழ் பூத்து ஒட்டிக்கொள்ளும். மண்ணிலும் அப்படித்தான் ஒட்டி முளைக்கிறது. குழாயால் மேலிருந்து நீர் பீய்ச்சுகிறவர் தன் கையாலேயே விதைக்கிறார்.

ஆகவே வெயில் ஏறிய வேளையில், செடி உலர்ந்திருக்கும்போது முதலில் காய்களைக் கத்தரித்துப் பையில் போடுங்கள். பிறகு பாத்தியை நனைத்து, மண் இளகியதும் கடப்பாரை நுனியால் ஆழமாக நெம்புங்கள். விரல் பருமனில் கொத்தாகக் கிழங்குகள் வரும். தண்டு அறுந்தாலும் மறுபடி தளிர்ப்பது அவற்றின் தயவில்தான். குப்பைக்குழியில் போடாதீர்கள், சுருங்கிச் சருகாகும்வரை வெயிலில் காயட்டும்.

ரோஜாப்பிரியன்:
நன்றி அக்கா. இத்தனை தோண்டாமல், மண்மேல் சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்கு போட்டால் அடங்காதா?

களைக்கொத்தி:
விதை முளைப்பதைக் குறைக்கும், கிழங்கிலிருந்து வரும் தளிருக்கு அது பொருட்டே இல்லை. பூ வேண்டுமானால் ஒரு செடியைத் தொட்டியில் வையுங்கள். பூ காலையில் விரிந்து அன்றே உதிர்ந்துவிடும், அதன் பிறகு பச்சைக் காயைக் கிள்ள மறக்கக் கூடாது. இன்னொன்று: விரியாமலே காய்க்கும் மொட்டுகளும் இதில் உண்டு. பூவே இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மாடித்தோட்டம்:
எங்களிடம் வெட்டுக்காயப் பூண்டுதான் தொல்லை. அதற்கும் இதேதானா?

களைக்கொத்தி:
அதற்குக் கிழங்கு கிடையாது, கையாலேயே வந்துவிடும். மண்ணில் படர்ந்த தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கும். துண்டு விடாமல் எடுங்கள். மஞ்சள் பூ பஞ்சாகும் முன் கிள்ளிவிடுங்கள். பக்கத்துக் காலி மனையிலிருந்து பறந்து வருவதற்கு என்னிடம் மருந்தில்லை.