கமலாவா ட்ரம்ப்பா என்று வடசென்னையில் அடித்துக்கொண்ட கதைகள், உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்

கல்மண்டபத்தான்

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் மறைத்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் நான் கமலா ஹாரிஸ் ஆள், அம்மா வழியில் தமிழ்க் குடும்பம் என்பதால். எனக்கு அங்கே ஓட்டும் கிடையாது, விசாவும் கிடையாது, பாஸ்போர்ட்டே காலாவதியாகி பீரோவில் கிடக்கிறது, ஆனாலும் 2024 ஜூலை 21 ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று செய்தி வந்ததும் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன். "யாரு போய்ட்டாங்க?" என்று பதறி எழுந்தாள். யாரும் போகவில்லை, நம்ம பொண்ணு வருது என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் அண்ணன், என் மச்சான், ட்ரம்ப் ஆள். பெரியமேட்டில் தோல் பை, பெல்ட், பர்ஸ் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருபது வருஷமாகச் சூப்பர்வைசர். அவர் கணக்கு இப்படி: "மாப்ள, அவன் யாவாரி. சீனாக்காரன் சரக்குக்கு வரி போட்டான்னா ஆர்டர் பூரா நம்மளாண்டதான் வரும். உன் கமலா வந்து இன்னா பண்ணும், சிரிக்கும்." பைக்குள் இருக்கிற ஜிப் வரைக்கும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த மனுஷன், அதனால் எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராதபோது நாம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், சத்தமாகப் பேசினேன். கடைசியில் ஒரு கிலோ பீஃப் பிரியாணி பந்தயம்.

அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதிய விவாதம் ஃபிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 10 ராத்திரி, நமக்கு 11ஆம் தேதி காலை ஆறரை. டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குச் சாய்த்து ஃபோனை வைத்துப் பார்த்தோம். பாதி புரிந்தது, பாதியை மச்சான் தனக்குச் சாதகமாக மொழிபெயர்த்தார். ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்கள் நாயைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள் என்று ட்ரம்ப் சொன்னாரே, அந்த இடத்தில் டீ மாஸ்டர் ஆற்றுகிற கையை அப்படியே மேலே நிறுத்திவிட்டு "நாயா?" என்றார். அங்கேதான் எங்கள் பிரியாணிக்கடை பாய் நின்றுகொண்டிருந்தார். அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எழும்பூர் ஸ்டேஷன்ல புடிச்சாங்களே, அந்தக் கறி ஞாபகம் இருக்கா?"

யாருக்கு ஞாபகம் இருக்காது. 2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேலான கறியைப் பிடித்து, வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று சொல்லிவிட்டார்கள். டிவியில் அன்றைக்கு முழுக்க அதுதான். சோதனை பண்ணிப் பார்த்தால் ஆட்டுக்கறி. அந்த முடிவு வருவதற்குள் பாய் கடையில் தினமும் இரண்டு அண்டா போனது அரை அண்டாவுக்கு வந்துவிட்டது, தெருப் பசங்கள் கடை வாசலில் நின்று குரைத்துக் காட்டிவிட்டு ஓடினார்கள். "சொன்னவன் போய்ட்டான், நான் ஆறு மாசம் அலைஞ்சேன்" என்றார். மச்சான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கட்சியும் மாறவில்லை.

நவம்பர் 6, புதன்கிழமை. ஓட்டு எண்ணிக்கையில் வடக்கு கரோலினா பத்து மணிக்குள்ளேயே ட்ரம்ப் பக்கம் போனது, ஜார்ஜியா பதினொன்றரை வாக்கில், பென்சில்வேனியா மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோன். "மாப்ள, பாஸ்மதியா சீரகசம்பாவா?" ஊசலாடும் மாநிலங்கள் என்று சொன்ன ஏழும் ட்ரம்ப் பக்கம், தேர்வாளர் ஓட்டில் 312க்கு 226. வாங்கிக் கொடுத்தேன். கத்திரிக்காய் தொக்கோடு.

உங்களுக்கும் இப்படி யாரோடாவது தகராறு நடந்திருந்தால் எழுதுங்கள். எந்தக் கட்சியானாலும் பரவாயில்லை, ஆனால் கட்சியைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா

நானும் கமலாதான், காரணம் சின்னது. 2020ல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்றுக்கொண்டு பேசும்போது சொந்தக்காரர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் 'சித்தி'கள் என்று சொன்னார் பாருங்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மன்னார்குடிப் பக்கம் ஊர். 2024 ஆயுத பூஜை லீவுக்குப் போனபோது துளசேந்திரபுரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். கமலாவோட தாத்தா கோபாலனுக்கு அதுதான் பூர்வீகம். தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல்லில் கமலா பெயரே இருக்கிறது, 5,000 ரூபாய். அதை நான் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், பெருமைக்குத்தான். உடனே ஒருத்தர் கேட்டார், "ஏன்மா, தாத்தா வீடு பெசன்ட் நகர்ல இருந்துச்சாம், லீவுக்கு வந்தா எலியட்ஸ் பீச்சுல நடந்துச்சாம். ஒருநாளாவது அடையாறு பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்குமா? அது எப்டி நம்ம பொண்ணு?"

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் தென்சென்னைக்காரர்களையே நாம் நம்ம ஆள் என்று சொல்வதில்லை, இதில் கலிபோர்னியாக்காரரை எப்படிச் சொல்வது?

இன்னொன்று. ஜூலைக் கடைசியில் ட்ரம்ப் சிகாகோவில் பத்திரிகையாளர்கள் முன்னால், இத்தனை நாள் இந்தியர் என்றவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்கிற மாதிரிப் பேசினார் அல்லவா? அந்தச் செய்தியை எங்கள் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். எண்பது வயசு. "அப்பன் எந்த ஊரு?" என்றார். ஜமைக்கா என்றேன். "நம்ம ஊர்ல அப்பன் வழிதானே எழுதறோம், அப்புறம் இன்னா குயப்பம்?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். டிவியில் ஒரு மாதம் ஆறு ஆறு பேராக உட்கார்ந்து பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த வரியில் இருக்கிற ஜாதிக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

மண்ணடி பாய்

நான் இரண்டு பேர் கட்சியும் இல்லை, அதனால் அந்த நாலைந்து மாதம் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

என் சாச்சா மகன் மிச்சிகனில் டியர்போர்ன் பக்கம் இருக்கிறான், குடியுரிமை வாங்கியாகிவிட்டது. காஸாவில் போர் நடந்துகொண்டிருக்கிறது, குண்டு கொடுப்பது பைடன் அரசாங்கம், இதில் எந்த முகத்தோடு அவர்களுக்குப் போடுவது என்று ராத்திரி ராத்திரி ஃபோன் பண்ணிக் கேட்பான். பிப்ரவரியில் பைடன் கட்சியின் உள்தேர்தல் வந்தபோது 'யாருக்கும் இல்லை' என்று மிச்சிகனில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதில் இவன் ஓட்டும் ஒன்று. நம்ம ஊர் நோட்டா மாதிரிதானே, என்ன ஆகப்போகிறது என்றேன். "இல்ல காக்கா, நோட்டா போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டான், இதுக்குத் திரும்பிப் பாக்குறானுவ" என்றான்.

நவம்பர் வந்தது. அவன் பசுமைக் கட்சி ஜில் ஸ்டெயினுக்குப் போட்டான். அவன் பொண்டாட்டி கமலாவுக்கு. அவன் மாமனார் ட்ரம்ப்புக்கு, போரை நிறுத்துகிறேன் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார் என்று. ஒரே வீடு, ஒரே கார், மூன்று பேரும் சேர்ந்து போய் மூன்று பேருக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஊர்க் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது, டியர்போர்னில் ட்ரம்ப் 42 சதவீதம், கமலா 36, ஸ்டெயின் 18. 2020ல் பைடன் அள்ளிய ஊர் அது.

நம்ம தெருவில் இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருகிறார்கள். கமலாக்காரர் "உன் தம்பி மாதிரி ஆளுங்களாலதான் தோத்துச்சு" என்றார். அவர் உறவுக்காரர் யாரும் அங்கே குண்டில் சாகவில்லை. சரி, எனக்கும் யாரும் சாகவில்லை. ஆனால் அவன் ராத்திரி இரண்டு மணிக்கு அழுததை நான் கேட்டேன், அதற்கு மேல் எனக்கு வாதம் தெரியாது.

கொருக்குப்பேட்டை

கட்சி: அப்போது ட்ரம்ப், இப்போது சொல்லமாட்டேன்.

எலான் மஸ்க் நினைவிருக்கிறதா? அக்டோபரில் ட்ரம்ப்புக்காக இறங்கி, என் மனுவில் கையெழுத்துப் போடும் வாக்காளர்களில் தினமும் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்றார், அதுவும் அந்த ஏழு மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும். கேரம் கிளப்பில் ஒரு பையன் "இது இன்னாண்ணா அநியாயம், எங்கயாவது நடக்குமா" என்று கேட்டான். ஆர்.கே.நகர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! 2017 ஏப்ரலில் பணம் புகுந்து விளையாடியது என்று தேர்தலையே ரத்து பண்ணினார்கள், டிசம்பரில் மறுபடி வந்தபோது ஓட்டுக்குப் பணம் தர 20 ரூபாய் நோட்டையே டோக்கனாக்கிய கதை. அந்த நோட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறவர்கள் எனக்குத் தெரியும். அப்புறம் அங்கே மஸ்க்கின் வக்கீலே கோர்ட்டில் எழுந்து, குலுக்கல் எல்லாம் இல்லை, ஆளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துத்தான் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டார். நம்மவர்கள் பரவாயில்லை என்று பட்டது. டோக்கன் எல்லா வீட்டுக்கும் வந்தது.

அந்த நவம்பரில் எங்கள் பக்கத்தில் அமெரிக்கா என்றால் ட்ரம்ப்கூட இல்லை, காசிமாதான். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், அங்கே போய்க் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். யார் அதிபரானால் என்ன என்று அந்த ஒரு வாரம் எங்களுக்கு உண்மையிலேயே தோன்றியது.

வியாசர்பாடி நைட் ஷிப்ட்

நான் மெடிக்கல் பில்லிங், ஏஆர் காலிங். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, இந்த ஆஸ்பத்திரி பில்லை ஏன் தள்ளுபடி பண்ணினாய் என்று கேட்பதுதான் ராத்திரி முழுக்க வேலை. பாதி நேரம் ஹோல்டு மியூசிக். எதிர்முனையில் இருக்கிறவர்கள் கம்ப்யூட்டரில் தேடுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுப்பார்கள், மழையா வெயிலா என்று.

நவம்பர் 5 ராத்திரி, அங்கே ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கிறது. அரிசோனாவிலிருந்து ஒரு அம்மா, குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயசு இருக்கும். எங்கிருந்து பேசுகிறாய் என்றார். இந்தியா என்றேன். "ஓ, அப்ப உனக்கு சந்தோஷமா இருக்கும், உங்க பொண்ணு நிக்குது" என்றார். எங்களுக்கு அரசியல், மதம் இரண்டும் பேசக்கூடாது, கால் ரெக்கார்டு ஆகும், தரம் பார்க்கிற க்யூஏ ஆட்கள் கேட்டால் 'ஃபேட்டல்', அதாவது பெரிய தப்பு என்று போட்டு அந்த மாத இன்சென்டிவ் காலி. நான் சிரித்து மட்டும் வைத்தேன். அவரே தொடர்ந்தார். முட்டை விலை என்ன தெரியுமா, வாடகை என்ன தெரியுமா, ரெண்டு வேலை பார்க்கிறேன், போன தடவை பைடனுக்குப் போட்டேன், இந்தத் தடவை ட்ரம்ப்புக்குப் போட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்கு வந்தேன் என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ தப்பா நினைக்காதே கண்ணா" என்கிற மாதிரி என்னவோ சொன்னார். என்னிடம் மன்னிப்பு எதற்கு? நான் ஒரு ரேஷன் கார்டு வைத்திருக்கிற வியாசர்பாடிக்காரன்.

ஒரு வாரமாகக் கேன்டீனில் கமலா ஜெயிக்கும், எல்லா சர்வேயிலும் சமம், அபார்ஷன் சட்டத்துக்காகப் பெண்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். விடியற்காலை கேபில் வரும்போது டிரைவர் அண்ணனிடம் சொன்னேன், ட்ரம்ப் ஜெயிச்சிடுவான்னு நினைக்கிறேண்ணா. ஏன் என்றார். முட்டை என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது.

ஃபேட்டல் வரவில்லை. பில்லும் பாஸ் ஆகவில்லை.

கல்மண்டபத்தான்

நல்ல கதைகளாக வருகிறது. நான் முதலில் பாதிக் கதைதான் சொன்னேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 27 அன்று ட்ரம்ப் நம் சரக்குக்கு மொத்த வரியை 50 சதவீதமாக்கினார். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக அதில் பாதி. மச்சான் கம்பெனியில் ஒரு கன்டெய்னர் பை தைத்து, டப்பாவில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி நிற்கிறது, வாங்குகிறவன் நிறுத்தி வை என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டான். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தோல் மட்டும் இல்லை, காசிமேட்டு எறாவும் படுத்துவிட்டது என்கிறார்கள்.

போன ஞாயிறு வந்திருந்தார். நான் வாயே திறக்கவில்லை, வீட்டுக்காரி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். அவராக ஒரு தோல் பையை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தார், ஸ்கூலுக்கு எடுத்துப் போ என்று. உள்ளே அந்த அமெரிக்கக் கடையின் விலைச்சீட்டு தொங்குகிறது, 89 டாலர்.

காசிமேடு ஏலம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எறாவைப் பற்றி ஒரு திருத்தம். நம்ம போட்டில் பிடிக்கிற கடல் எறாவை அமெரிக்கா 2019லேயே நிறுத்திவிட்டது, வலையில் ஆமை தப்பிக்கிற கருவி இல்லை என்று. இந்த வரியில் அடி வாங்கியது பண்ணையில் வளர்க்கிற வனாமி எறா, அதில் பெரும்பங்கு ஆந்திரா. அங்கே போகாதது இங்கேயே திரும்பி வந்து கொட்டினால் எங்கள் விலையும் இறங்கும் என்ற பயம் ஏலத்தில் இருக்கிறது, அது நிஜம். ஆனால் காசிமேடு படுத்துவிட்டது என்று எழுதாதீர்கள், படித்துவிட்டு வியாபாரி அதையே சொல்லி விலை கேட்பான்.

கல்மண்டபத்தான்

சரி அண்ணே, திருத்திக்கொள்கிறேன்.

மச்சானிடம் கிளம்பும்போது மட்டும் கேட்டேன், இன்னும் ட்ரம்ப்தானா என்று. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கமலா வந்திருந்தாலும் எதுனா ஒரு வரி போட்டிருக்கும் மாப்ள. 2028ல ட்ரம்ப்போட துணை அதிபர் வான்ஸ் நிப்பான் பாரு. பொண்டாட்டி வூட்டு வழி ஆந்திரா, நம்ம பக்கத்து ஊரு மாப்ள. ஒரு கிலோ வெச்சுக்கலாமா?" வேலை மூன்று நாளாகிவிட்டதே என்று அரைக் கிலோவுக்குப் பேசி முடித்திருக்கிறோம்.