கடைக் காவலாளி அடித்தால் பொறுப்பு யாருடையது?

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். என் அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற மாதம் எங்கள் ஊரிலுள்ள பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டு சட்டைகள் வாங்கிப் பணம் கட்டிவிட்டு வெளியே வரும்போது, பில் போட்டவர் ஒரு சட்டையின் டேக்கைக் கழற்றாமல் விட்டிருந்ததால் வாசலில் அலாரம் அடித்திருக்கிறது. அங்கு நின்ற செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்திருந்தால் சட்டைகளின் மேலேயே இருந்த பில் கண்ணில் பட்டிருக்கும். அதைச் செய்யாமல், காலரைப் பிடித்து மாடிப்படிக்கு அடியிலுள்ள சரக்கு அறைக்கு இழுத்துச் சென்று, செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்திலும் முதுகிலும் அறைந்திருக்கிறார். திருடியதாக ஒப்புக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவும் வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே பில்லைச் சரிபார்த்து அவனை வெளியே விட்டார்கள்.

அன்றிரவே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். காப்பி (காயங்களைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிட்டோம். கடை மேலாளரோ, "அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள்" என்கிறார். ஏஜென்சியில் கேட்டால், அவரை அங்கிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். விசாரித்தால், வேறொரு கடை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். ஒருவரை அடைத்து வைக்கவும் அடிக்கவும் செக்யூரிட்டிக்கு ஏதாவது அதிகாரம் உண்டா? இதற்கு யாரிடம் பதில் கேட்பது?

நீதிமன்ற வாசல்:
நான் வழக்கறிஞர். சீருடை போட்டிருந்தாலும் தனியார் காவலாளிக்குச் சட்டம் தரும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் உள்ள அளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தன் கண்ணெதிரே பிணையில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால், அதைச் செய்தவரைத் தனிநபர் எவரும் பிடிக்கலாம் என்கிறது. ஆனால் பிடிபட்டவரைத் தேவையற்ற தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். விசாரிப்பது, எழுதி வாங்குவது, கைநீட்டுவது எதற்கும் அதில் இடமில்லை. அலாரம் ஒலித்தது ஒரு சந்தேகத்துக்குக் காரணமாகலாமே தவிர, குற்றத்தைக் கண்ணால் கண்டதாகாது. இன்னொன்றும் உண்டு: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதை இப்போதைய சட்டம் சமூக சேவைத் தண்டனைக்குரிய, பிணையில் விடத்தக்க குற்றமாகவே கருதுகிறது. அப்படியிருக்க, பணம் கட்டிய பையனை இருட்டறையில் அடைத்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அடித்ததற்கு 115(2), அடைத்து வைத்ததற்கு 127(2) ஆகிய பிரிவுகள் பொருந்தும். அடித்த குற்றம் மட்டும் என்றால் நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை செய்ய முடியாது; உங்களுக்கு ரசீதோடு நின்றுபோனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடைத்து வைத்தது அப்படியல்ல, அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். புகாரில் சரக்கு அறையில் அடைத்ததைப் பற்றியும் இரண்டு மணி நேரத்தைப் பற்றியும் முதலில் எழுதுங்கள், அறைந்ததை அடுத்து எழுதுங்கள்.

முன்னாள் சூப்பர்வைசர்:
நான் பல ஆண்டுகள் செக்யூரிட்டி ஏஜென்சிகளில் சூப்பர்வைசராக இருந்தவன். அந்தக் காவலாளி செய்தது தவறுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அவர் ஒருவரோடு விஷயத்தை முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதையொட்டி வந்த மாதிரி விதிகளும், ஒருவரை வேலையில் நிறுத்தும் முன் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தர வேண்டும் என்கின்றன. பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, தற்காப்பு உரிமை, எஃப்.ஐ.ஆர். கொடுக்கும் நடைமுறை எல்லாம் அந்தப் பாடத்தில் உண்டு. நான் பார்த்த இடங்களில், காலையில் ஊரிலிருந்து வந்து இறங்கியவருக்கு மாலையிலேயே ஒரு பழைய சீருடையைக் கொடுத்து நைட் டியூட்டிக்கு அனுப்பினார்கள். 12 மணி நேர ஷிப்ட், உட்கார நாற்காலி கிடையாது, சரக்குக் குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். "ஒருவனைப் பிடித்துக் காட்டு" என்று கடைக்காரரே நெருக்குவதையும் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சரக்கு அறையின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்; காவலாளியிடம் இருந்திருக்காது.

வைகைக்கரை:
நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. சாவியைக் கொண்டுவந்து திறந்தவர் தளப் பொறுப்பாளர் என்றும், எழுதி வாங்கும்போதும் அவர் அங்கேயே நின்றார் என்றும் பையன் சொல்கிறான். அந்தக் காவலாளிக்கும் குடும்பம் இருக்கும். அவரது பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கமல்ல. ஆனால் பையன் இப்போது எந்தக் கடை வாசலிலும் நுழையத் தயங்குகிறான். அதற்கு யாரேனும் பதில் சொல்லத்தானே வேண்டும்?

நீதிமன்ற வாசல்:
அப்படியானால் தளப் பொறுப்பாளரையும் புகாரில் கட்டாயம் சேருங்கள். "ஏஜென்சி ஆள்" என்று சொல்லிக் கடை ஒதுங்கிவிட முடியாது. தனது வளாகத்தில், தனது மேலாளரின் மேற்பார்வையில், தனது சரக்கைக் காக்கும் வேலையின்போது நடந்த அத்துமீறலுக்கு நட்டஈடு கேட்டு, கடையையும் ஏஜென்சியையும் சேர்த்தே உரிமையியல் வழக்குப் போடலாம். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு நட்டஈடு கேட்க ஓராண்டுதான் கெடு, மறந்துவிடாதீர்கள்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பெருங்குறையாகத் தெரிவது, காவலாளி பொதுமக்கள்மீது கைநீட்டினால் என்ன செய்வது என்று தனிப் பிரிவு எதுவும் இல்லாததுதான். உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். பயிற்சி இல்லாதவரை வேலையில் வைத்தாலும் அபராதம் உண்டு, உரிமத்தையும் ரத்து செய்யலாம். அடி வாங்கியவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனவே பயிற்சி என்ற வழியாகத்தான் ஏஜென்சியை நெருக்க முடியும். அந்தக் காவலாளியின் பயிற்சிச் சான்றிதழையும் நன்னடத்தைச் சரிபார்ப்பையும் ஆய்வு செய்யக் கோரி, உரிமம் வழங்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக நாளைக் காலையிலேயே ஒன்றைச் செய்யுங்கள். வாசல், படிக்கட்டு ஆகிய இடங்களின் சிசிடிவி பதிவை அழியாமல் வைத்திருக்கும்படி கடைக்கு எழுத்துமூலம் கொடுத்து, நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. காவல் நிலையம் அசையாவிட்டால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், அங்கும் பலனில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.