பைனஸ் விதை: மிதக்கிறதை எல்லாம் எறிந்துவிடலாமா?

புதுக்குடியிருப்பான்:
பண்டாரவளையில் இருக்கும் மாமா ஒரு சரை பைனஸ் (ஊசியிலை மரம்) விதை தந்தார், போன வருசம் பொறுக்கிய காய்களாம். தேக்கு, முதிரை எல்லாம் போட்டுப் பழக்கம், இது புதுசு. வாளித் தண்ணீரில் கொட்டினால் முக்கால்வாசி மிதக்குது. நெல்லைப் போல மிதக்கிறதெல்லாம் சப்பிதான், அள்ளி எறி என்கிறார் அம்மா. எறியலாமா?

ஓமந்தை அண்ணை:
பொறும் தம்பி, விதையில் ஒட்டியிருக்கும் மெல்லிய செட்டையோடேயா போட்டீர்? செட்டை காற்றைப் பிடித்து வைத்திருக்கும், நல்ல விதையும் மிதக்கும். துணியில் போட்டு மெதுவாகக் கசக்கி, புடைத்துச் செட்டையை எடுத்துவிட்டு, ஒரு துளி சவர்க்காரம் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊற விட்டுப் பாரும். அதற்குப் பிறகும் மிதக்கிறதில் ஒரு கைப்பிடி எடுத்து பிளேட்டால் நெடுக்காக வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே வெள்ளையாக, இறுக்கமாக, ஓடு நிரம்ப இருந்தால் நல்லது. வெறும் ஓடு என்றால் உள்ளே கரு வளராமல் அழிந்துபோன விதையாக இருக்கும், பைனஸில் அது சாதாரணம். மஞ்சளாகிச் சுருங்கியிருந்தாலும் விடும்.

விதைப்பெட்டி:
அண்ணை சொன்னது சரி, ஆனால் தண்ணீர் பிரித்துக் காட்டுவது வெறும் ஓட்டை மட்டும்தான். உள்ளே பருப்பு நிரம்பியிருந்தும் செத்துப்போன விதை நல்லதோடு சேர்ந்து தாழும். பழைய விதையில் இதுதான் தலையிடி. 1980களில் ஸ்வீடனில் மிலான் சிமாக் என்பவர் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார்: விதையை நீர் குடிக்க வைத்து, சில மணி நேரம் காய விட்டு, திரும்பத் தண்ணீரில் போடுவது. செத்த விதை ஈரத்தைச் சீக்கிரம் விடுவதால் பாரம் குறைந்து மிதக்கும், உயிருள்ளது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தாழும். எவ்வளவு நேரம் காய விடுவது என்பது விதைக்கு விதை மாறும், வன்னி வெயிலில் வெளியே வைத்தால் எல்லாமே காய்ந்து மிதக்கும், நிழலில் வையுங்கோ. ஒரு சரைக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்றால், ஈரத்துணியில் கொஞ்சத்தைச் சுருட்டி முளைக்க விட்டுப் பார்ப்பதே போதும்.

புதுக்குடியிருப்பான்:
ஸ்பிரிட்டில் போட்டால் சுகமாகப் பிரியும் என்று ஒருவர் சொன்னாரே?

விதைப்பெட்டி:
பிரியும். ஸ்பிரிட் தண்ணீரை விட அடர்த்தி குறைவு, அதனால் தண்ணீரில் மிதக்கிற சின்ன விதைகளிலும் நிரம்பியது தாழ்ந்துவிடும். ஆனால் முளைக்குக் கூடாது, உடனே விதைக்கப் போகிற விதைக்கு மட்டும், போட்ட கையோடு எடுத்துக் கழுவ வேண்டும்.

ஓமந்தை அண்ணை:
இன்னொன்று, மாமாவிடம் சொல்லி பைனஸ் மரத்தடி மண்ணும் ஒரு பை எடுப்பியும். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சணம் அதில்தான் இருக்கு, அது இல்லாமல் கன்று மஞ்சளாகி நின்றுவிடும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வைக்கத்தான் யோசனை என்றால் சவுக்கே போடும், பைனஸ் மலைக்குத்தான்.