கொலராடோ ஜாமீன் திருத்தம்: விசாரணை நடைமுறை தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024 நவம்பர் 5 அன்று வாக்காளர்கள் நிறைவேற்றிய 'திருத்தம் ஐ' (Amendment I) என்ற அரசியலமைப்புத் திருத்தம் பற்றி ஒரு விளக்கக் குறிப்பு தயாராகிறது. ஓரிடத்தில் உதவி தேவை.

பின்னணி இதுதான். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால், வலுவான ஆதாரம் இருக்கும்போது ஜாமீன் மறுக்கலாம் என்று அம்மாநில அரசியலமைப்பு சொன்னது. 2020இல் மரண தண்டனையை ஒழித்தார்கள். அதனால் முதல்நிலைக் கொலை (திட்டமிட்ட கொலை போன்ற மிகக் கடுமையான வகை) வழக்கிலும் ஜாமீன் தொகை நிர்ணயித்தே ஆக வேண்டும் என்று 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வலுவான ஆதாரம் இருந்தால் முதல்நிலைக் கொலை வழக்கில் ஜாமீன் மறுக்கலாம் என்று சொல்லி அந்த ஓட்டையை அடைத்ததுதான் இந்தத் திருத்தம்.

கொலைக் குற்றச்சாட்டு பதிவானாலே ஜாமீன் கிடையாது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. ஆதாரம் வலுவானது என்று அரசுத் தரப்பு தனி விசாரணையில் காட்ட வேண்டும். கைதுக்குப் போதுமான முகாந்திரம் மட்டும் இதற்குப் போதாது. அதேசமயம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் சுதந்திரமே இந்த இடைப்பட்ட அளவுகோலில்தான் தொங்குகிறது, அதனால் இதைத் துல்லியமாக எழுத வேண்டும்.

டென்வர் பக்கம் குற்றவியல் வழக்கு நடத்துபவர்கள் சொல்லுங்கள்: இந்த ஜாமீன் விசாரணையை, வழக்கைத் தொடரப் போதிய முகாந்திரம் உள்ளதா என்று பார்க்கும் முதல்கட்ட விசாரணையோடு சேர்த்தே நடத்துகிறார்களா? நேரடி சாட்சி வருகிறாரா, புலனாய்வு அதிகாரியின் வாக்குமூலமே போதுமா? வழக்கு விவரம், பெயர் எதுவும் வேண்டாம். நடைமுறை மட்டும் போதும்.